ஓவியம் காட்டாத முதுகு

கண்டி நகருக்கு வடகிழக்கே மகாவலி கங்கையைத் தாண்டிச் சென்றால், அமுனுகம என்னும் ஊரில், பெரும் பாறையைக் குடைந்து அமைத்த தெகல்தொருவ விகாரை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாயக்க வமிசத்து மன்னனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கி, அவனுடைய தம்பி இராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவெய்திய இந்த விகாரையின் சுவர்களில் வெஸ்ஸந்தரன், சுதசோமன் முதலியோராகப் புத்தர் எடுத்த முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளும், விதானத்தில் புத்தரை எதிர்த்து மாரன் திரட்டிவந்த படையும் தீட்டப்பட்டுள்ளன. காகிதத்தில் கிறுக்கிய ஓர் உருவத்தைக் கணினியில் வண்ண ஓவியமாக்கி, பிறகு அதையே நடக்கவும் பேசவும் வைக்கும் கலையைப் பற்றிப் பேச இந்தச் சுவரைக் காட்டிலும் பொருத்தமான தொடக்கம் கண்டிப் பகுதியில் வேறில்லை. அந்தக் கலையின் பாதிப் பாடம் இங்கே முன்னரே எழுதப்பட்டிருக்கிறது; எஞ்சிய பாதி இங்கே இல்லாமல் போனதிலிருந்தும் கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. இந்த உருவங்கள் நேராகவோ பக்கவாட்டிலோ முகம் காட்டி நிற்பவை. பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இருக்கும் பாடத்தை முதலில் பார்க்கலாம். கண்டிக் கால ஓவியன் கதையின் ஒரே ஒரு கணத்தைத் தேர்ந்து வரைவதில்லை. சுவரை நீண்ட பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுகிறான். வெஸ்ஸந்தரன் வெள்ளை யானையைத் தானமாகக் கொடுக்கிறான், நாடு கடத்தப்படுகிறான், பிள்ளைகளைக் கொடுக்கிறான், மனைவியையும் கொடுக்கிறான். ஒரே மனிதன் ஒரே பட்டையில் பலமுறை வந்தாலும், உடையும் அணியும் நிறமும் மாறாதிருப்பதால், எழுத்தறியாத ஊராரும் அவனை இனங்கண்டு கதையைத் தொடர முடிந்தது. இன்றைய அசைவூட்டக் கூடங்களில் படத்தின் காட்சிகளைச் சிறு கட்டங்களாக வரிசைப்படுத்தி வரைந்துகொள்வதை ஸ்டோரிபோர்டு என்றும், ஒரு பாத்திரம் எந்தக் காட்சியில் யார் கையால் வரையப்பட்டாலும் ஒரே சாயலில் இருப்பதற்காகத் தயாரிக்கும் அளவுத்தாளை மாடல் ஷீட் என்றும் சொல்கிறார்கள். தெகல்தொருவச் சுவரில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. காட்சிக்கும் காட்சிக்கும் இடையிலான வெற்றிடத்தைத் தாமரையும் பூங்கொத்தும் கொண்டு நிரப்பிய அந்தச் சிவப்புப் பின்னணியில், பார்ப்பவரின் கால்களே புரொஜெக்டராக வேலை செய்கின்றன. அவர் நடக்கிறார், கதையும் நகர்கிறது.

ஜாதகக் கதைகள் சுவரிலிருந்து திரைக்குத் தாவியதற்கு அயல் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் மும்பையில் கார்ட்டூன் பிரிவு ஒன்றை 1956-இல் தொடங்கியபோது, டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் அங்கு வந்து இளம் ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பிரிவிலிருந்து 1957-இல் வெளிவந்த ‘தி பான்யன் டியர்’ என்ற குறும்படம், போதிசத்துவர் மானாகப் பிறந்த ஜாதகக் கதையை எடுத்துக்கொண்டு, உருவங்களுக்கு அஜந்தா ஓவியத்தின் சாயலைக் கொடுத்தது. டிஸ்னியின் நுணுக்கம் கற்றவர்கள் வெள்ளைக்கார எலியை வரையாமல் ஆலமர மானை வரைந்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

சுவரோவியம் தீட்டப்பட்ட முறையும் இன்றைய டிஜிட்டல் ஓவியத்துக்கு வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமானது. பாறையின் மேல் பூசிய சாந்தை வெண்களிமண் கொண்டு வெளுப்பாக்கி, அதன்மேல் உருவத்தின் கோட்டைப் போட்டு, கோட்டுக்குள் நிழல் இல்லாத தட்டை நிறங்களை நிரப்பி, இறுதியில் எல்லைக் கோட்டை மீண்டும் அழுத்தமாக இழுத்து முடிப்பது சித்தரர் எனப்படும் மரபு ஓவியர்களின் வழக்கம். சிவப்புக்கு இங்குலிகம், மஞ்சளுக்குக் கொக்கட்டு மரத்துப் பிசினும் அரிதாரமும், கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி, நீலத்துக்கு அவுரி என்று நிறங்கள் சிலவே. தூரிகைகளோ புல்லாலும் விலங்கு முடியாலும் தாழை விழுதாலும் ஆனவை. இந்தக் கைத்தொழில் அறிவு முழுவதும் எழுத்தில் நிலைத்ததற்கு, கொழும்பில் பிறந்த தமிழர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமியே காரணம். இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக ஊர் ஊராகச் சுற்றியவர் கல்லை மட்டும் பார்த்துத் திரும்பாமல் தச்சரையும் கொல்லரையும் சித்தரரையும் கண்டு பேசி, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908-இல் 425 படிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்டார். இன்று கண்டிப் பாணியில் எதையேனும் கணினியில் வரைய நினைப்பவர் இணையத்தில் கிடைக்கும் மங்கலான நிழற்படங்களைத் துழாவுவதற்கு முன் அந்த நூலின் கோட்டுப்படங்களைப் பார்ப்பது நல்லது.

அந்த மரபில் மாணவனுக்கு முதற்பாடமாகக் கொடுக்கப்பட்டது மனித உருவமோ மலரோ அல்ல, எதிரெதிராக வளையும் இரட்டை வளைகோடு. அது கைக்குப் படிந்த பிறகே கொடிக்கருக்கும் இலையும் அன்னமும் யானையும் வரும். கணினியிலும் நிலைமை அதுவே. கோட்டைச் சிறு நிறப்புள்ளிகளின் கூட்டமாகச் சேமிப்பது ஒரு முறை, அப்புள்ளிகளே பிக்சல்கள். கோட்டை ஒரு கணிதச் சூத்திரமாகச் சேமிப்பது இன்னொரு முறை. அதற்கு வெக்டர் என்று பெயர். இரண்டாவது முறையில் ஒரு வளைகோடு இரண்டு முனைப்புள்ளிகளாலும், அவற்றிலிருந்து நீளும் இரண்டு கைப்பிடிகளாலும் தீர்மானிக்கப்படுகிறது. கைப்பிடிகளை ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகத் திருப்பினால் சித்தர மாணவனின் அதே இரட்டை வளைவு பிறக்கும். பிரான்சில் சிட்ரோயன் நிறுவனத்தின் பால் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியேயும் கார்களின் உடலை வடிவமைப்பதற்காகத் தனித்தனியே கண்டறிந்த இந்தக் கோடு, பெசியே வளைவு என்ற பெயரில் இன்று எல்லா வரைகலை மென்பொருளிலும் இருக்கிறது. கணினித் திரையில் தெரியும் தமிழ் எழுத்துகளின் வளைவுகளும் இதே சூத்திரத்தால்தான் அமைகின்றன.

காகிதத்துப் பென்சில் ஓவியம் திரைக்கு ஏறும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 பிக்சல் கொண்ட படம் கிடைக்கும். அச்சுக்கும் அது போதும். கைப்பேசியால் படம் பிடிப்பவர்கள் தாளுக்கு நேர்மேலே பிடிக்காவிட்டால் தலை பெருத்துக் கால் சிறுத்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்தப் படத்தை மங்கலாக்கி அடியில் வைத்து, அதன்மேல் கண்ணாடித்தாள் போன்ற புதிய லேயரை விரித்துத் தூய கோட்டை இழுத்து, இரண்டுக்கும் நடுவே இன்னொரு லேயரில் நிறத்தை நிரப்ப வேண்டும். கோடு, நிறம், மேற்கோடு என்ற சித்தரரின் வரிசை இங்கே திரும்பி வருகிறது. வேறுபாடு ஒன்றுதான்: சுவரில் பிழைத்த நிறத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும், இங்கே லேயரை அணைத்துவிடலாம். திரையில்லாத டேப்லட்டில் வரையத் தொடங்குபவருக்குக் கை மேசையிலும் கண் திரையிலும் இருப்பதால் முதலில் கோடு தடுமாறும். அது திறமைக் குறைவல்ல, பழக்கக் குறைவு.

இதுவரை சொன்னதெல்லாம் தட்டை உலகத்தின் செய்தி. சிக்கல் தொடங்குமிடத்தைக் காட்டக் கண்டி மரபிலேயே ஓர் அருமையான உருவம் உண்டு. காளையும் யானையும் எதிரெதிரே நிற்க, இரண்டின் தலையும் ஒன்றாகவே வரையப்பட்ட ‘உசப குஞ்சர’ என்ற அந்த வடிவம் தமிழருக்கும் புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இதே இரட்டை உருவம் கல்லில் இருக்கிறது. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் கொம்புள்ள காளை தெரியும், மறுபக்கத்தை மறைத்தால் துதிக்கை தூக்கிய யானை தெரியும். ஒரே கோடு இரண்டு விலங்குக்கும் பொதுவாக நின்று இரண்டையும் ஏமாற்றுகிறது.

இந்த உருவத்தைக் கணினியில் முப்பரிமாணமாக்க முயன்றால் என்ன ஆகும்? பக்கவாட்டில் அது அழகாகவே நிற்கும். மாதிரியைக் கால்வட்டம் திருப்பியவுடன் கேள்விகள் எழும்: தலையின் அகலம் காளையினுடையதா, யானையினுடையதா? நெற்றி தட்டையா, இரட்டைக் குமிழா? காது மடலா, முறமா? கோடு இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லவில்லை என்பதோடு, விடை சொல்லாமலிருப்பதே அந்தக் கோட்டின் சாமர்த்தியம். தாராசுரத்துச் சிற்பி கல்லில் செதுக்கியபோதும் அதைச் சுற்றிவந்து பார்க்கும் முழுச்சிலையாக்காமல் சுவரோடு ஒட்டிய புடைப்பாகவே நிறுத்திக்கொண்டான். ஓவியம் தான் அறியாததைச் சொல்லாமல் விட்டுவிடலாம், மாதிரிக்கு அந்தச் சலுகை கிடையாது. கோட்டோவியத்தைக் கணினிப் பாத்திரமாக்கும் வேலை இயந்திரம் செய்யும் வெறும் மாற்றம் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது ஓவியன் பேசாமல் விட்ட பக்கங்களையெல்லாம் இன்னொருவர் பேசி முடிக்கும் வேலை. உரையாசிரியர் வேலைக்கு நெருக்கமானது.

இலங்கையில் இந்த உரை எழுதும் வேலை பெருந்திரை அளவில் நடந்த எடுத்துக்காட்டு ‘கஜமன்’. கேலிச்சித்திரக்காரர் கமிலஸ் பெரேரா பத்திரிகைகளில் பல்லாண்டு வரைந்து, சிங்கள வாசகர்கள் வீட்டு மனிதர்போல் அறிந்திருந்த அந்தப் பாத்திரத்தை, சனக்க பெரேராவின் இயக்கத்தில் ஸ்டூடியோ 101 நிறுவனம் முழுநீள முப்பரிமாண அசைவூட்டப் படமாக்கி 2023 ஜனவரியில் திரையிட்டது. பத்திரிகைப் பாத்திரம் மையும் காகிதமும் மட்டுமே. அதன் மூக்கு நிழல் விழுத்தாது, சட்டைக்குத் துணியின் கனம் கிடையாது, எந்தக் கோணத்தில் வரைந்தால் வேடிக்கையாக இருக்குமோ அந்தக் கோணத்திலேயே அது வாழ்ந்துவிடும். அதற்குத் தோலும் துணியும் முதுகும் கொடுக்கும்போது சிறிது பிசகினாலும், ‘இது நம்ம ஆள் இல்லை’ என்று வாசகர் முதற்பார்வையிலேயே சொல்லிவிடுவார். அறிந்த முகத்தை உருவாக்குவது அறியாத முகத்தை உருவாக்குவதைவிடக் கடினம் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆகவே கைதேர்ந்த வடிவமைப்பாளர் மென்பொருளைத் திறப்பதற்கு முன் பாத்திரத்தை முன்புறம், பக்கம், பின்புறம், முக்கால் பக்கம் என்று பல கோணங்களில் ஒரே உயரக் கோடுகளின் மேல் வரைந்துகொள்கிறார். முன்புறப் படத்தில் கண் இருக்கும் உயரமும் பக்கவாட்டுப் படத்தில் கண் இருக்கும் உயரமும் ஒரு மயிரிழை விலகினாலும் கணினி இரண்டையும் பொருத்த மறுக்கும். பிறகு இந்தப் படங்களை மெய்நிகர் வெளியில் சுவர்போல் நிறுத்தி, நடுவில் ஒரு கனசதுரத்தை வைத்து அதை இழுத்தும் வெட்டியும் உடலாக்குகிறார். மென்பொருளின் கண்ணுக்கு உடல் என்பது புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கோடுகளும், கோடுகளுக்கு இடைப்பட்ட சிறு முகங்களும் கொண்ட ஒரு வலை. அதனால்தான் அதை மெஷ் என்கிறார்கள். பாதி உடலை மட்டும் செய்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக வரவைப்பது வழக்கமான சிக்கனம். கரடுமுரடான வலையை மென்மையாக்க 1978-இல் எட்வின் கேட்மலும் ஜிம் கிளார்க்கும் தந்த முறை இன்றும் பயன்படுகிறது: நான்கு பக்கமுள்ள ஒவ்வொரு முகமும் நான்காகப் பிரிந்து வளைவோடு இசைகிறது. ஆறு முகக் கனசதுரம் முதற்சுற்றில் 24, அடுத்து 96, அதற்கடுத்து 384 முகம் பெற்று ஏறத்தாழ உருண்டையாகிவிடும்.

வலையில் கோடுகள் ஓடும் திசைக்கும் பொருள் உண்டு. கண்ணையும் வாயையும் சுற்றி வட்டமாகவும், முழங்கையையும் முழங்காலையும் சுற்றி வளையல் அடுக்கினாற்போலவும் கோடுகள் ஓடினால்தான் அசையும்போது தோல் இயல்பாக மடியும். அழகாக நிற்கும் எத்தனையோ மாதிரிகள் கையைத் தூக்கியவுடன் நசுங்கிய தகரக்குவளை போலாவது இந்தக் கோட்டமைப்பு தவறியதால்தான். மாதிரி முடிந்ததும் தோடம்பழத் தோலை உரித்து மேசையில் பரப்புவதுபோல் அதன் மேற்பரப்பை வெட்டித் தட்டையாக விரித்து, அதன்மேல் நிறமும் கோலமும் தீட்டி மீண்டும் போர்த்துகிறார்கள். கண்டியின் கொடிக்கருக்குகளும் தாமரை அடுக்குகளும் ஓவியமாகவே மாதிரிக்குள் நுழையக்கூடிய இடம் இது. வெட்டு விழும் இடத்தில் கோலம் அறுபடாமல் பார்ப்பதற்குத் தையற்காரரின் கண் வேண்டும்.

ஏற்கெனவே உலகில் திரண்ட உருவமாக நிற்பவற்றுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. உடுநுவரைப் பகுதியிலுள்ள எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்களில் மல்லரும், ஆடும் மகளிரும், கழுத்துகள் பின்னிய அன்னங்களும் இருதலைப்பறவையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அத்தகைய செதுக்கலை எல்லாக் கோணத்திலிருந்தும், ஒரு படம் அடுத்ததன்மேல் பெரும்பகுதி படிந்திருக்குமாறு, பல நிழற்படங்களாக எடுத்துக் கொடுத்தால், மென்பொருள் பொதுப்புள்ளிகளை ஒப்பிட்டு ஆழத்தைக் கணக்கிட்டு வலை உருவத்தைத் தானே பின்னிவிடும். கிடைப்பதோ இலட்சக்கணக்கான ஒழுங்கற்ற முக்கோணங்கள். பதிவேட்டுக்கு அது பொன், அசைவூட்டத்துக்குச் சுமை. மல்லரை மீண்டும் மோதவிட விரும்புபவர் அந்த முக்கோணக் குவியலின்மேல் ஒழுங்கான வலையைக் கையால் திரும்பப் பின்ன வேண்டும்.

கண்டியைப் படமாக்க நினைக்கும் எவரும் யானையைத் தவிர்க்க முடியாது. எசல பெரஹரா என்னும் ஊர்வலத்தில் நடக்கும் யானை ஆசிய யானையின் இலங்கை இனத்தைச் சேர்ந்தது. இணையச் சந்தையில் வாங்கும் ஆயத்த மாதிரி ஆப்பிரிக்க யானையாக இருந்துவிட்டால், முகபடாம் போர்த்தி விளக்குச் சரம் தொங்கவிட்டாலும் கண்டிவாசியின் கண் அதை ஒப்பாது. நம் யானையின் முதுகு மேல்நோக்கி வளைந்தது, அதனுடையது நடுவில் குழிந்தது. நம் யானைக்கு நெற்றியில் இரட்டைக் குமிழ், அதற்கில்லை. நம் யானையின் காது சிறியது. துதிக்கை நுனியில் நம்முடையதற்கு ஒரு விரல், அதற்கு இரண்டு. இலங்கை ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு என்பதால், ஊர்வலத்து யானைகளுக்கெல்லாம் தந்தம் வைத்துவிடுவதும் பிழை. பல்லாண்டுகள் புனிதப் பேழையைச் சுமந்து 1988-இல் இறந்த ராஜா என்ற கொம்பனின் உடல் பதப்படுத்தப்பட்டுத் தலதா மாளிகை வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அளவும் உருவும் கற்க நினைக்கும் மாணவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காது. நடையைக் கற்கப் பின்னவல யானைகள் காப்பகம் இருக்கிறது. பின்னங்கால் ஊன்றியதும் அதே பக்கத்து முன்னங்கால் ஊன்றும், பிறகு மறுபக்கம் அதே ஒழுங்கு. எவ்வளவு விரைந்தாலும் நான்கு காலும் ஒருசேரத் தரையை விடுவதில்லை. குதிரையின் பாய்ச்சலை யானைக்குக் கொடுத்த படங்கள் கனமற்றுத் தோன்றுவதன் காரணம் அதுவே.

அசைவுக்கு எலும்பு வேண்டும். வலை உடலுக்குள் மெய்நிகர் எலும்புக்கூட்டைப் பொருத்தி, எந்த எலும்பு எந்தத் தோல்பகுதியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று வரையறுப்பதை ரிக் அமைத்தல் என்பார்கள். துதிக்கைக்கு எலும்பே இல்லை என்பதால், அங்கே சங்கிலிபோல் பல கண்ணிகளை வைத்து, அவை ஒரு வளைகோட்டைப் பின்தொடரச் செய்கிறார்கள். இரட்டை வளைகோடு இங்கும் வந்து நிற்கிறது. கண்டிய நடனக்காரருக்கு ரிக் அமைப்பது இன்னொரு சோதனை. மண்டிய என்னும் அடிப்படை நிலையில் முழங்கால்கள் வெளிப்புறம் திரும்பி மடங்க, மேற்கைகள் தோள்மட்டத்தில் விரிந்து நிற்கும். மேலைநாட்டுப் பாத்திரத்துக்கென ஆயத்தமாக வரும் ரிக்குகள் நேராக நிற்பதற்கும் நடப்பதற்கும் ஓடுவதற்கும் தயார்ப்படுத்தப்பட்டவை. அவற்றை மண்டியவில் உட்கார்த்தினால் இடுப்புமடிப்பு கிழிந்தாற்போலாகும். பரதத்தின் அரைமண்டியை அசைவூட்ட முயல்பவருக்கும் இதே தொல்லை வரும்.

ஆடையோ அதற்கும் மேலான தொல்லை. வெஸ் என்னும் கண்டிய ஆடையணிந்த நடனக்காரரின் மார்பில் தொங்கும் மணிவலையை ஒவ்வொரு மணியாகக் கணக்கிட்டு ஆடவிட்டால் சாதாரணக் கணினி திணறும். வலையை மெல்லிய துணியாக அசையவிட்டு, மணிகளை அதன்மேல் ஒட்டிவைப்பது நடைமுறைத் தந்திரம். ஆனால் எந்தத் தந்திரமும் தீர்க்காத கேள்விகளும் உண்டு. வெஸ் தலையணி கொஹொம்பா கங்காரியச் சடங்கோடு பிறந்தது. நெடும் பயிற்சிக்குப் பின் சடங்கு முறையில் சூட்டப்பட்டு, மரபுப்படி ஆண்களே அணிந்துவந்தது அது. வேடிக்கைப் பாத்திரத்தின் தலையில் அதை ஏற்றுவதற்கு முன் வடிவமைப்பாளர் கொஞ்சம் விசாரித்துக்கொள்வதில் நட்டமில்லை.

எலும்பு பொருத்திய உடலை அசைக்க இரண்டு வழிகள். முக்கியமான நிலைகளை அசைவூட்டுநர் கையால் அமைக்க, இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்புவது ஒன்று; உண்மையான நடிகரின் உடலில் அடையாளப்புள்ளிகளை ஒட்டி அவர் அசைவையே பதிவுசெய்து பாத்திரத்துக்கு ஏற்றுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் தமிழில் எடுக்கப்பட்ட பெருமுயற்சி சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014-இல் வெளிவந்த ‘கோச்சடையான்’. இந்தியாவில் அதுவரை யாரும் தொடாத அளவில் அசைவுப்பதிவைக் கையாண்ட படம் என்ற மதிப்பு அதற்கு உண்டு. ஆயினும் கோடிக்கணக்கானோர் இமையசைவு வரை அறிந்த ஒரு முகத்தை அப்படியே வார்க்க முயன்றதால், உடல் வந்தும் கண்கள் வரவில்லை என்ற குறையை ரசிகர்களே சொன்னார்கள். மனித உருவை நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே வந்து, மிக நெருங்கிய ஓரிடத்தில் திடீரென்று அருவருப்பின் பள்ளத்தாக்கில் சரியும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசஹிரோ மோரி 1970-இலேயே எழுதியிருந்தார். கேலிச்சித்திரச் சாயலுள்ள கஜமனுக்கு அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டிய தேவையே எழவில்லை. கண்டிச் சுவரின் அகன்ற கண்ணும் தட்டை நிறமும் கொண்ட பாத்திரத்துக்கும் எழாது. சிறிய குழுக்கள் இந்தப் பக்கம் சாய்வதே புத்திசாலித்தனம்.

பாத்திரம் தமிழ் பேச வேண்டுமானால் இன்னொரு கணக்கு இருக்கிறது. வாயசைவுக்கென உலகெங்கும் புழங்கும் அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளை வைத்து வரையப்பட்டவை. தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் பொருளே மாறும்: ‘படம்’ என்பதும் ‘பாடம்’ என்பதும் வாயின் வடிவத்தால் அல்ல, வாய் திறந்திருக்கும் நேரத்தால் வேறுபடுகின்றன. ‘அப்பா’ என்னும்போது இரட்டிக்கும் பகரத்தில் உதடுகள் ஒரு கணம் பூட்டியே நிற்க வேண்டும். ஆங்கில அட்டவணைப்படி தானாக இயங்கும் மென்பொருள் அந்தப் பூட்டை அவசரமாகத் திறந்துவிட்டால் பாத்திரம் வேற்றுமொழிக்காரர்போல் தோன்றும். ழகரமோ நாவின் வேலை. உதட்டில் தேடிப் பயனில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வகுத்த தொல்காப்பியம், மாத்திரையின் அளவாகக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் சொல்கிறது. வினாடிக்கு 24 படங்கள் ஓடும் திரையில் பாத்திரம் ஒருமுறை இமைப்பதற்குச் சுமார் ஆறு முதல் எட்டுப் படங்கள் ஒதுக்குவது வழக்கம். இயல்பான பேச்சில் குறில் அதைவிட வேகமாகக் கடந்துவிடும். என்றாலும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் தமிழ் வாயசைவுக்கு இன்றும் கைகொடுக்கும் வாய்பாடு.

இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு காலத்தில் பெரிய கூடங்களுக்கே கட்டுப்படியாயிற்று. நிலைமையை மாற்றியது பிளெண்டர். நெதர்லாந்தின் டான் ரோசெண்டால் உருவாக்கிய இந்த மென்பொருளின் நிறுவனம் நொடித்துப்போனபோது, 2002-இல் பயனர்களே ஏழு வாரத்தில் ஒரு இலட்சம் யூரோ திரட்டி அதை விடுவித்தார்கள். அன்றுமுதல் அது யாரும் காசின்றிப் பயன்படுத்தும் பொதுச்சொத்து. அதைக்கொண்டே ஆக்கப்பட்ட ‘ஃப்ளோ’ என்ற லாட்விய நாட்டுப் படம் 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. ஓவியம் தீட்டுவதற்குக் கிரிட்டா என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. பேராதனையில் படிக்கும் மாணவருக்கும் ஹாலிவுட் கலைஞருக்கும் கருவியில் இருந்த இடைவெளி இப்படிக் குறைந்துவிட்டது. நேரத்தில் இருக்கும் இடைவெளி குறையவில்லை. ஐந்து நிமிடப் படத்துக்கு 7200 படங்கள் வேண்டும். ஒளியும் நிழலும் கணக்கிட்டு ஒரு படத்தை வார்க்க இரண்டு நிமிடம் ஆனால், இராப்பகலாக ஓடும் ஒற்றைக் கணினிக்குப் பத்து நாள் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போகாமலிருந்தால்.

கருவி கைக்கு வந்தபின் எஞ்சுவது பாத்திரம். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதம் நிகழும் காமன் கூத்தில் மன்மதன், இரதி, எமன், வீரபத்திரன் என்று கிரீடமும் சாயமும் ஏற்ற உருவங்கள் வரிசையாக வருகின்றன. சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிய, இரதி புலம்ப, தப்பின் அடி விடியும்வரை ஓயாது. தெகல்தொருவ ஓவியத்தை ஒரு பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். காமன் கூத்துக்கோ மேடையும் திரையும் இல்லை. திடலின் நான்கு புறமும் சனம் உட்கார்ந்திருக்கிறது. இரதியின் முகத்தை ஒரு பக்கத்தார் பார்க்கும்போது, அவள் கிரீடம் தலையோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது, சேலையின் கொசுவம் முதுகில் எப்படி விழுகிறது, தோள் குலுங்கி அழும்போது பின்கழுத்து எவ்வாறு தாழ்கிறது என்பதையெல்லாம் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிறுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.